காலையில் வெறும் வயிற்றில் ஆலிவ் எண்ணெய் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. ஏழு வருஷமாக டைப் 2 சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும் போடுகிறேன். போன மாதம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 148, சாப்பிட்ட பின் 226, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 210. உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ. ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு கொண்டுவந்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறோடு குடித்தால் மூன்று மாதத்தில் சுகர் இறங்கிவிடும், மாத்திரையைக்கூட விட்டுவிடலாம் என்கிறார்கள் தெரிந்தவர்கள். குடிக்கலாமா? சமையல் முழுவதையும் இதற்கே மாற்றிவிடலாமா? வீட்டில் மூன்று பேர். மாதம் மூன்று லிட்டர் கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும், அரை லிட்டர் நல்லெண்ணெயும் ஆகிறது.

வாசகி, காரைக்குடி

பதில்:

குடிக்க வேண்டாம் அம்மா. சாப்பாட்டில் அளந்து ஊற்றிச் சாப்பிடுங்கள். மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். எச்பிஏ1சி 8.1 என்பது மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்த அளவு. விட்டால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மகன் கொண்டுவந்தது நல்ல பொருள்தான், வீணாக்க வேண்டாம். ஆனால் அது எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆலிவுக்கு இதில் சலுகை கிடையாது. ஒரு டேபிள்ஸ்பூன் என்பது 15 மில்லி, ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு டேபிள்ஸ்பூன் குடித்தால் 240. ஒரு மாதத்துக்கு 7,200. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி போதும். இப்போது சாப்பிடுவது எதையும் குறைக்காமல் இதை மேலே ஊற்றினால், மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறும் அளவுக்குச் சரக்கு உள்ளே போகிறது. உங்கள் உயரத்துக்கு 68 கிலோ ஏற்கெனவே அதிகம். இடுப்பைச் சுற்றி எடை கூடக் கூட இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். மூன்று மாதத்தில் சுகர் இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தால் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆலிவ் எப்போது உதவும் என்பதை 2001-ல் வெளியான கன்வு ஆய்வு காட்டியது. ஐந்து ஊர்களில் 162 பேருக்கு மூன்று மாதம், ஒரு பிரிவுக்கு வெண்ணெய் வகைக் கொழுப்பு அதிகமுள்ள உணவும், இன்னொரு பிரிவுக்கு ஆலிவில் உள்ளது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள உணவும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் இன்சுலின் வேலை செய்வது மந்தமானது, இரண்டாவது பிரிவில் அப்படி ஆகவில்லை. ஆனால் மொத்தக் கலோரியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பாகவே சாப்பிட்டவர்களிடம் அந்த நன்மை காணவில்லை. எனவே ஆலிவ் எண்ணெய் வேறு ஒரு கொழுப்பின் இடத்தில் உட்கார்ந்தால்தான் பலன்.

ஆலிவ் எண்ணெய்க்குச் சர்க்கரை நோயில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2017-ல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தபோது, டைப் 2 நோயாளிகளுக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்த பிரிவுகளில் எச்பிஏ1சி சராசரியாக 0.27 அளவுக்குக் கூடுதலாகக் குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் 8 மி.கி. அளவுக்கு வித்தியாசம். உங்களுக்கு அப்படியே பொருந்தினாலும் 8.1 என்பது 7.8 ஆகும். உதவிதான், ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது.

ஸ்பெயின் நாட்டின் ப்ரெடிமெட் ஆய்வைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 7,447 பேர், 55 முதல் 80 வயது. ஒரு பிரிவுக்கு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுத்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் பிழை இருந்ததால் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை: மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்துப் பார்த்தால் சுமார் 30 சதவீதம் குறைவு. சர்க்கரை நோய் இல்லாமல் சேர்ந்தவர்களில், ஆலிவ் பிரிவில் புதிதாக நோய் வந்தது 40 சதவீதம் குறைவு. இந்த 40-ஐத்தான் உங்கள் தெரிந்தவர்கள் எங்கோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். அது நோய் வராமல் தடுத்த கணக்கு. வந்த நோயை மூன்று மாதத்தில் இறக்கிய கணக்கு இல்லை.

அங்கே ஒருவரும் அதை டம்ளரில் ஊற்றிக் குடிக்கவுமில்லை. காய்கறியில், பருப்பு வகைகளில், மீனில் ஊற்றிச் சாப்பிட்டார்கள். வெங்காயம், பூண்டு, தக்காளியை ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் சுருள வதக்கும் சோஃப்ரிட்டோ வாரம் இரண்டு முறையாவது சேர வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த 14 கேள்விப் பட்டியலிலேயே இருந்தது. நம் தக்காளித் தொக்குக்கு மிளகாய்த்தூள் போடுவதற்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது இத்தாலியில், நேப்பிள்ஸ் பக்கம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு. புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 215 பேர். ஒரு பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெயை முக்கியக் கொழுப்பாகக் கொண்ட மத்தியதரைக்கடல் உணவு, மறு பாதிக்குக் கொழுப்பு குறைத்த உணவு. நான்கு வருஷம் கழித்து மாத்திரை தேவைப்பட்டவர்கள் முதல் பிரிவில் 44 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, முதல் பிரிவில் மாவுச்சத்து மொத்தக் கலோரியில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நம் வீட்டில் மூன்று வேளையும் அரிசி. இட்லி, சோறு, மறுபடி தோசை. மாவுச்சத்து பாதியைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. அந்தச் சோற்றைத் தொடாமல் எண்ணெயை மட்டும் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தால், ஆய்வில் பாதியை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் சமையலறைக் கணக்கு. மூன்றரை லிட்டரை மூன்று பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஒருவருக்குத் தினம் 39 மில்லி. கிட்டத்தட்ட எட்டு டீஸ்பூன். வெளியில் வாங்கும் வடையும் மிக்சரும் நெய்யும் இதில் சேரவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கே நாளுக்கு 27 கிராம் எண்ணெய்தான் வைக்கிறது. எடை குறைக்க வேண்டிய உங்களுக்கு நான் வைப்பது நாளுக்கு நான்கு டீஸ்பூன், அதாவது 20 மில்லி. வீட்டுக்கே சேர்த்து மாதம் இரண்டு லிட்டருக்குள், ஆலிவையும் சேர்த்து.

இதை மனக்கணக்கில் பிடிக்க முடியாது. மாதம் பிறந்ததும் இரண்டு லிட்டரை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துவிட்டால், எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். பெரும்பாலும் இரண்டு இடத்தில் அகப்படும். ஒன்று, தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றுவது. தூக்கிலிருந்து நேரே விட்டால் ஒரு தோசைக்கே இரண்டு டீஸ்பூன் போய்விடும், வெங்காயத்தை எண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் அரை டீஸ்பூனில் முடியும். இன்னொன்று இட்லிப் பொடி. பொடியில் குழி செய்து நல்லெண்ணெய் நிரப்புகிறோமே, அந்தக் குழி மூன்று டீஸ்பூன் வாங்கும். நாளின் எண்ணெயில் முக்கால் பங்கு காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.

அந்த நான்கு டீஸ்பூனில் இரண்டை ஆலிவுக்குக் கொடுங்கள். மீதி இரண்டு தாளிப்புக்கும் தோசைக்கும் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். சூரியகாந்தியை விட்டுவிடலாம், மூன்று வகை எதற்கு.

சமையல் முழுவதையும் ஆலிவுக்கு மாற்றலாமா என்று கேட்டீர்கள். தேவையில்லை. ஆலிவ் எண்ணெயில் உள்ள முக்கியக் கொழுப்பு ஒலியிக் அமிலம், சுமார் 55 முதல் 83 சதவீதம் வரை. கடலை எண்ணெயிலும் அதேதான் பாதிக்குப் பக்கம் இருக்கிறது, நல்லெண்ணெயில் 40 சதவீதம் அளவு. அதனால் கடலை எண்ணெயை எடுத்துவிட்டு ஆலிவ் ஊற்றினால் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறிது. நெய், டால்டா, பாமாயில், பேக்கரிப் பண்டம் இவற்றின் இடத்தில் ஆலிவ் வந்தால் வித்தியாசம் பெரிது. பருப்புச் சோற்றில் விடும் நெய், ரொட்டியில் தடவும் வெண்ணெய், மாலை வடை. மாற்ற வேண்டிய இடம் இவைதான். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் வரை வெண்ணெய் வகையான நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதையும் அன்றாடம் பயன்படுத்த வேண்டாம். இரண்டு ஸ்பூன் தேங்காய்ச் சட்னிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு மட்டும் உள்ள சிறப்பு அதன் பாலிபீனால்கள். பழத்தைப் பிழிந்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் விடுவதால் தங்கும் கசப்புப் பொருள்கள் இவை. ஒரு டீஸ்பூனைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, உள்ளங்கையால் மூடி ஒரு நிமிஷம் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். பச்சைப் புல், தக்காளி இலையைக் கசக்கிய வாசனை வரும். ஒரு சொட்டு நாக்கில் விட்டு விழுங்கினால் லேசாகக் கசக்கும், பிறகு தொண்டையில் மிளகு கடித்தது போல் ஒரு கமறல், இருமல்கூட வரலாம். கெட்டுப்போய்விட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கமறல் ஓலியோகாந்தால் என்ற பொருளால் வருவது, நல்ல எண்ணெய்க்கு அடையாளம். கெட்டது என்றால் பழைய வேர்க்கடலை, மெழுகுக் கலர் பென்சில் போலச் சிக்கு வாடை அடிக்கும்.

இந்தப் பொருள்கள் சூட்டில் குறையும். எக்ஸ்ட்ரா விர்ஜின் புகையத் தொடங்குவது 190 முதல் 210 டிகிரி வாக்கில். அதில் தாளித்தால் விஷமாகிவிடும் என்று பயமுறுத்துவது தவறு. மிதமான தீயில் வதக்கலாம், ஸ்பெயினில் காலம் காலமாக வதக்குகிறார்கள். ஆனால் காலி வாணலியைக் காயவைத்து, எண்ணெய் புகைய, கடுகு வெடிக்கும் நம் தாளிப்பில் அதன் மணமும் பாலிபீனாலும் பெரும்பகுதி போய்விடும். பொரிக்கவே வேண்டாம். மகன் சுமந்து வந்ததைப் பூரிக்கு ஊற்றுவது எனக்கு மனசு கேட்காது.

ஆகவே அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டல் ஒரு கிண்ணம், மேலே ஒரு டீஸ்பூன் ஆலிவ், எலுமிச்சை, துருவிய மாங்காய். கசப்பு தெரியாது. பீன்ஸ், கோஸ் பொரியலைத் தாளிப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து, இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன். வெள்ளரி, தக்காளி, வெங்காயப் பச்சடியிலும் நன்றாகச் சேரும். ரசத்திலும் மீன் குழம்பிலும் வேண்டாம், புளியோடு அந்தக் கசப்பு ஒத்துப்போவதில்லை. ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான்.

எண்ணெய் சாப்பாட்டோடு போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் சோற்றின் சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறாமல் நிதானமாக ஏறும். ஆறு மணிக்கு எண்ணெய் குடித்து எட்டரைக்கு இட்லி சாப்பிட்டால் அந்த வேலை நடப்பதில்லை. வெறும் வயிற்றில் 30 மில்லி எண்ணெய் சிலருக்குக் குமட்டும், சிலருக்கு வயிறு போகும். மெட்ஃபார்மினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து: கொழுப்பு வந்ததும் பித்தப்பை சுருங்கும், கல் பித்தப்பையின் வாயில் சிக்கினால் வலது விலாவுக்குக் கீழே உயிர் போகும் வலி. சர்க்கரை நோயாளிகளுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. எலுமிச்சையும் ஆலிவும் குடித்தால் கல் வெளியே வரும் என்கிறார்களே, அப்படி மலத்தில் வரும் பச்சை உருண்டைகளைச் சோதித்தபோது, எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்ட கட்டிகள் என்று தெரிந்தது.

உங்களிடம் குளுக்கோமீட்டர் இருந்தால் இதை உங்கள் உடம்பிலேயே பார்த்துவிடலாம். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், அதே நேரம், அதே மாத்திரை. முதல் நாள் எண்ணெய் இல்லாமல். இரண்டாம் நாள் அதே இட்லியோடு இரண்டு டீஸ்பூன் ஆலிவ். மூன்றாம் நாள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், அதில் இரண்டு டீஸ்பூன் ஆலிவ். ஒவ்வொரு நாளும் சாப்பிடுமுன், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில், மூன்று மணி நேரத்தில் என்று மூன்று தடவை குத்திப் பாருங்கள். மூன்றாம் மணி அளவு ஏன் என்றால், எண்ணெய் உச்சியைத் தள்ளிப்போடும். இரண்டாம் மணியில் 20 குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், அந்த 20 மூன்றாம் மணியில் வந்து நிற்கலாம். பரோட்டா, பிரியாணி சாப்பிட்ட இரவில் சுகர் நடு ராத்திரி வரை இறங்காமல் நிற்பதும் இதனால்தான். கைமீட்டரிலேயே 15 சதவீதம் வரை பிசகு இருக்கலாம் என்பதால் பத்து, பதினைந்து புள்ளி வித்தியாசத்தை ஒரு பொருட்டாக எடுக்க வேண்டாம். முடிந்தால் அடுத்த வாரமும் ஒரு சுற்று செய்யுங்கள். பெரிய வித்தியாசம் மூன்றாம் நாளில்தான் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

மதியம் வெந்த சோறு 150 கிராமுக்கு மேல் வேண்டாம், அதிலேயே 40 கிராமுக்குக் கூடுதலாக மாவுச்சத்து இருக்கிறது. ஒருமுறை தராசில் நிறுத்து, எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கிண்ணமே அளவு. குறைத்த சோற்றின் இடத்தில் காயும் பருப்பும் ஏற வேண்டும். மாலை வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி, 25 முதல் 30 கிராம், வறுத்த வேர்க்கடலை. அதிலும் ஒலியிக் அமிலம் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் போடும் கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சோற்றைக் குறைக்கிறபோது லோ சுகர் வரலாம். மாற்றம் தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண்ணை இருட்டும் பசி வந்தால் உடனே மீட்டரில் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அந்த நேரத்தில் சாக்லேட், பிஸ்கட், எண்ணெய் சேர்ந்த எதுவும் வேண்டாம், கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்று மேலே சொன்னேனே. சரியான பிறகு ஒரு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடலாம். இப்படி ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் போங்கள், மாத்திரை அளவை அவர் மாற்றக்கூடும்.

டிரைகிளிசரைடு 210 இருப்பதால் எண்ணெயே கூடாதோ என்று பயப்பட வேண்டாம். இந்த அளவில் அது பெரும்பாலும் மாவுச்சத்தாலும் எடையாலும் கட்டுப்படாத சுகராலும் ஏறுவது. 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு, அப்போது ஆலிவ் உட்பட எல்லா எண்ணெயையும் குறைக்கச் சொல்வோம்.

இந்த இரண்டு பாட்டிலும் தீர்ந்து இங்கே வாங்கப் போனால் லேபிளைப் படியுங்கள். எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று இருக்க வேண்டும். அதில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. லைட் என்று போட்டிருப்பது சுத்திகரித்து மணத்தைக் குறைத்தது, கலோரியில் லைட் இல்லை. பொமேஸ் என்பது பிழிந்து போட்ட சக்கையிலிருந்து ரசாயனக் கரைப்பான் கொண்டு எடுத்து, பிறகு சுத்திகரிப்பது. நம் கடைகளில் சமையலுக்கான ஆலிவ் என்று மலிவாக அடுக்கியிருப்பதில் இது நிறைய. இருநூறு, முந்நூறு ரூபாய் மிச்சம் பார்த்து அதை வாங்குவதற்கு, செக்குக் கடலை எண்ணெய் எவ்வளவோ மேல். மருந்துக் கடையில் குழந்தைக்குத் தேய்க்க விற்கும் சின்ன டப்பா ஆலிவ் எண்ணெயைச் சாப்பிடவே கூடாது. உணவுக்கானது என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கும்.

திறந்த பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைக்காதீர்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு ஆகாது. கறுப்பு அல்லது கரும்பச்சைக் கண்ணாடியிலேயே இருக்கட்டும், மூடியை இறுக்கி, கதவுள்ள அலமாரியில் கீழ்த்தட்டில் வையுங்கள். திறந்ததை இரண்டு, மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் தினம் இரண்டு டீஸ்பூன் வீதம் சாப்பிட்டால் ஒரு லிட்டர் ஐம்பது நாளில் தீரும், சரியாக இருக்கும். நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் நூறு நாள் இழுக்கும், கடைசி மாதம் சிக்கு வாடை வந்துவிடும். இரண்டாவது பாட்டிலைத் திறக்காமல், காரைக்குடிச் சித்திரை வெயிலுக்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். வெண்மையாக உறைந்து கட்டியாகத் தெரியும், வெளியே எடுத்து வைத்தால் தானாக இளகும். உறைந்தால் அசல், உறையாவிட்டால் கலப்படம் என்று ஒரு சோதனை சொல்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். முதல் பாட்டிலின் மூடியில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். அடுத்த எச்பிஏ1சி அன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து.